சங்கு ஊதத் தயங்கிய நான்கு நிமிடம்

"இவன் என்ன பண்றான்னே புரியலையே அண்ணே."

இது நான் சொன்ன வாக்கியம். கப்பலின் பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் அறையில், பேசுவதெல்லாம் கறுப்புப் பெட்டி மாதிரி ஒரு கருவியில் பதிவாகும். மறுநாள் கேப்டன் அதைப் போட்டுக் காட்டியபோது என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. நேரம் 22:32. எங்களோடு மோதும் வழியில் வந்துகொண்டிருந்த இன்னொரு கப்பல் அப்போது இரண்டே கால் மைலுக்குச் சற்று மேல். எங்கள் கப்பலின் சங்கு முழங்கியதோ 22:36-க்கு. இடையில் இருக்கும் அந்த நான்கு நிமிடத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கம்பெனிக்கு இரண்டு பக்க அறிக்கை அப்போதே கொடுத்துவிட்டேன். அதில் நேரமும் தூரமும் மட்டும்தான் இருந்தன.

நான் காரிமங்கலம் பக்கத்துக்காரன். எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மாந்தோப்பும், அதற்கப்பால் கிருஷ்ணகிரி-தர்மபுரி நெடுஞ்சாலையில் ஓயாமல் போகும் லாரிகளும்தான் தெரியும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி பஸ் பிடிக்க வேண்டும். இந்த ஊரிலிருந்து கப்பலுக்குப் போன எனக்கு, இந்த நிகழ்வைச் சரியாகப் புரியவைத்தது கடலையே பார்க்காத என் தாய்மாமா. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். அவரிடம் அப்புறம் வருகிறேன்.

கப்பல் 190 மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல். பாரதீப்பில் நிலக்கரி ஏற்றி எண்ணூருக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் மூன்றாம் அதிகாரி, இரவு எட்டிலிருந்து பன்னிரண்டு வரை என் காவல். கூட இருந்த கண்காணிப்பு மாலுமி தூத்துக்குடிக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர், என்னை 'சார்' என்பார், நான் 'அண்ணே' என்பேன். பிப்ரவரி மாதம், அமைதியான கடல், நிலவில்லாத தெளிந்த இரவு. விசாகப்பட்டினத்துக்குத் தென்கிழக்கே, கரையிலிருந்து ஐம்பது மைலுக்கு மேல் தள்ளி, 217 டிகிரி திசையில் 12 நாட் வேகம். அதாவது மணிக்கு 12 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர்.

22:08-க்கு ரேடாரில் இடப்பக்கம் ஒரு பெரிய கப்பல், ஒன்பது மைலில். விசாகப்பட்டினத்தை நோக்கி 300 டிகிரியில் 13 நாட்டில் வந்துகொண்டிருந்தது. கருவி கணக்குப் போட்டுச் சொன்னது: இப்படியே போனால் 32 நிமிடத்தில் இரண்டும் கால் மைலுக்குள் சந்திக்கும். இந்த அளவுள்ள கப்பல்களுக்குக் கால் மைல் என்பது, பஸ் உரசிக்கொண்டு போவது போலத்தான்.

இந்த இடத்தில் விதி தெளிவாக இருக்கிறது. குறுக்கே வரும் இரண்டு எந்திரக் கப்பல்களில், மற்றதைத் தன் வலப்பக்கம் பார்ப்பவர் விலக வேண்டும். அவர் எங்களை வலப்பக்கம் பார்க்கிறார், எனவே விலக வேண்டியவர் அவர். நாங்கள் திசையும் வேகமும் மாறாமல் போக வேண்டும். இது சலுகை இல்லை, கடமை. நாமும் திரும்பி அவரும் திரும்பினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது என்பதால்தான் ஒருவர் அசையாமல் போகவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

22:19-க்கு ஆறு மைலில் விளக்குகள் நன்றாகத் தெரிந்தன. மேலே இரண்டு வெள்ளை, கீழே பச்சை. பச்சை என்றால் அவருடைய வலப்பக்கம் நம்மைப் பார்த்திருக்கிறது. காம்பஸில் பார்த்தேன், 166 டிகிரி. நாலு நிமிடம் கழித்துப் பார்த்தேன், 165 அரை. அண்ணன்தான் முதலில் சொன்னார்: "சார், லைட்டு அப்படியே நிக்குதே. நகரவே இல்லையே."

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ரயில்வே கேட்டை நோக்கி நீங்கள் பைக்கில் போகிறீர்கள், ரயிலும் வருகிறது. உங்கள் தோளுக்கு நேராக ரயில் அதே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால், கேட்டில் நீங்களும் ரயிலும் ஒரே நேரத்துக்குப் போய்ச் சேருவீர்கள். முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் தப்பித்தீர்கள். கடலிலும் இதேதான். கோணம் மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் மோதல்.

கேப்டனின் நிரந்தர உத்தரவு சுவரிலேயே ஒட்டியிருந்தது: ஒரு மைலுக்குள் நெருங்கும் எந்தக் கப்பலானாலும் ஆறு மைலிலேயே என்னைக் கூப்பிடு. கூப்பிடவில்லை. பாரதீப்பில் இரண்டு நாள் சரியாகத் தூங்காமல் சரக்கேற்றிவிட்டு அப்போதுதான் படுத்திருந்தார். 'விலகிவிடுவான், எதற்கு எழுப்பணும்' என்று நினைத்தேன். முதல் தப்பு அது.

22:26-க்கு, நான்கு மைலில், வயர்லெஸை எடுத்தேன். திரையில் தெரிந்த கப்பல் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டேன். "யெஸ், யெஸ், ஓகே, நோ ப்ராப்ளம்" என்று ஒரு குரல் வந்தது. மனசுக்குள் ஒரு நிம்மதி. அதுதான் இரண்டாவது தப்பு. அந்தக் குரல் அந்தக் கப்பலிலிருந்து வரவே இல்லை என்று அரை மணி நேரம் கழித்துத் தெரிந்தது. அக்கம்பக்கத்தில் போய்க்கொண்டிருந்த வேறு யாரோ, வேறு யாருக்கோ சொன்ன பதில். மோதலைத் தவிர்க்க வயர்லெஸை நம்பாதே என்று பிரிட்டனின் கடல்சார் அமைப்பு திரும்பத் திரும்ப எச்சரிப்பது இதனால்தான். இருட்டில் பேசுகிறவன் யார் என்று உறுதி இல்லை, மொழி புரிவதில்லை, பேசுகிற நேரத்தில் மைல்கள் கரைகின்றன. எனக்கு மூன்று நிமிடம் போனது. தூரத்தில் சொன்னால், முக்கால் மைல்.

22:32. எதிர்க்கப்பலின் இரண்டு வெள்ளை விளக்குகளும் ஒன்றை ஒன்று நெருங்கின. அப்பாடா, வலப்பக்கம் திரும்புகிறான். இப்போது பச்சை மறைந்து சிவப்பு தெரிய வேண்டும். தெரியவில்லை. விளக்குகள் மறுபடி விலகிப் பழைய இடத்துக்கே வந்தன. திரும்ப ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டான். அப்போதுதான் அண்ணனிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். கடலில் மோதல் தவிர்க்கும் சர்வதேச விதிகள் 1972-இல் எழுதப்பட்டு, 1977 ஜூலை 15 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றில் 34-ஆம் விதியின் (d) பிரிவு சொல்வது இதுதான்: ஒன்றையொன்று கண்ணால் காணும் தூரத்தில் நெருங்கும் கப்பல்களில், எந்தக் காரணத்தாலாவது மற்றவரின் நோக்கமோ செயலோ புரியாமல் போனால், அல்லது அவர் போதிய நடவடிக்கை எடுக்கிறாரா என்ற சந்தேகம் வந்தால், சந்தேகப்படும் கப்பல் உடனடியாக, குறைந்தது ஐந்து குறும் ஊதல்களை வேகமாக ஊதித் தன் சந்தேகத்தைத் தெரிவிக்க வேண்டும். குறும் ஊதல் என்றால் ஏறக்குறைய ஒரு நொடி. விளக்கையும் ஐந்து முறைக்குக் குறையாமல் சிமிட்டலாம்.

இதைச் சென்னையில் வாய்மொழித் தேர்வில் மூச்சு விடாமல் ஒப்பித்தவன் நான். ஒரு ஊதல், வலப்பக்கம் திரும்புகிறேன். இரண்டு, இடப்பக்கம். மூன்று, எந்திரத்தைப் பின்னோக்கி இயக்குகிறேன். ஐந்து, உன்னைப் புரியவில்லை. மற்ற மூன்றும் நான் செய்வதைச் சொல்கின்றன. ஐந்து ஊதல் மட்டும்தான் எனக்குத் தெரியாததைச் சொல்கிறது. விதியின் வாசகத்தில் 'ஆபத்து' என்ற வார்த்தையே இல்லை. 'புரியவில்லை' என்பது போதும். 22:32-க்கு 'புரியலையே' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, கையை மட்டும் சும்மா வைத்திருந்தேன்.

ஏன்? அந்த நான்கு நிமிடமும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சங்கு பட்டனுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைத் திறந்து கட்டைவிரலை மேலே வைத்துவிட்டேன். விரல் அழுத்தவில்லை. ராத்திரி பத்தரைக்கு ஊதினால் கப்பலே எழுந்துவிடும். சமையல்காரர் வரைக்கும் காலையில் கேட்பார். அவன் அடுத்த நொடி திரும்பிவிட்டால் 'பயந்தாங்கொள்ளி' என்பார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது: ஐந்து முறை ஊதுவது, 'கண்ணு தெரியலையாடா' என்று கத்துவது மாதிரி மனசுக்குள் பதிந்திருந்தது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் வளர்ந்த காது. ஹாரன் என்றால் திட்டு.

22:35-க்குத்தான் கேப்டனைக் கூப்பிட்டேன். அறை நேர் கீழே. ஒரு நிமிடத்தில், லுங்கியோடு, செருப்பில்லாமல் வந்து நின்றார். ஜன்னல் வழியாக ஒரு பார்வை, ரேடாரில் ஒரு பார்வை. கேரளாக்காரர், எங்களுடன் தமிழிலேயே பேசுவார்.

"சந்தேகமா?"

"ஆமா சார்."

"பின்னே ஏன் ஊதலை?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் கையைத் தள்ளிவிட்டு அவரே ஐந்து முறை அழுத்தினார். என்னிடம் சிக்னல் விளக்கைக் காட்டினார். நான் அதை எடுத்து எதிர்க்கப்பலின் பிரிட்ஜைப் பார்த்து ஐந்தாறு முறை சிமிட்டினேன். தூரம் 1.2 மைல். ஒலி அங்கே போய்ச் சேரவே ஆறு நொடிக்கு மேல் ஆகும். 22:37, ஒரு மைல். இன்னும் பச்சை விளக்கு. "ஹார்ட் ஸ்டார்போர்ட்" என்றார் கேப்டன். சுக்கானை முழுதாக வலப்பக்கம் திருப்பி, ஒரு குறும் ஊதல். இடப்பக்கம் திரும்பவே கூடாது. இடப்பக்கம் இருக்கும் கப்பலுக்காக இடப்பக்கம் திரும்பாதே என்று 17-ஆம் விதி தனியாகவே சொல்கிறது, ஏனென்றால் அவன் கடைசி நேரத்தில் வலப்பக்கம் திரும்பினால் இரண்டும் நேருக்கு நேர்.

அவன் அதைத்தான் செய்தான். நிலக்கரி பாரத்தோடு எங்கள் கப்பல் முதலில் அசையவே மறுத்தது, அப்புறம் மெதுவாக மூக்கைத் திருப்பியது. எதிரே பச்சை அணைந்து, ஒரு கணம் இரண்டும் தெரிந்து, சிவப்பு மட்டும் நின்றது. எங்கள் பின்புறமாக 0.4 மைலில், கிட்டத்தட்ட 740 மீட்டரில், கடந்து போனான். அண்ணன் தரையில் உட்கார்ந்து கொண்டார்.

சற்று நேரத்தில் வயர்லெஸில் வந்தான், இந்த முறை அவனேதான். இளம் குரல். வலப்பக்கம் திரும்ப ஆரம்பித்தபோது அங்கே மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் தெரிந்ததாம், பழைய திசைக்கே திரும்பி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தானாம். எங்களை மறந்தே போயிருக்கிறான். சங்கு கேட்டதா என்று கேப்டன் கேட்டார். கேட்கவில்லையாம். விளக்கு சிமிட்டியதைத்தான் பார்த்திருக்கிறான்.

இந்த விவரம் எனக்கு உறுத்தியது. எங்கள் சங்கு சின்னதில்லை. 75 மீட்டருக்கு மேல் 200 மீட்டருக்குள் உள்ள கப்பல்களின் சங்கு, ஒரு மீட்டர் தூரத்தில் 138 டெசிபல் இருக்கவேண்டும், ஒன்றரை மைல் கேட்கும் என்பது கணக்கு. 200 மீட்டரைத் தாண்டினால் 143 டெசிபல், இரண்டு மைல். கப்பல் பெரிதாகப் பெரிதாகச் சங்கு அடித்தொண்டைக்குப் போகும், அதனால் இருட்டில் கேட்டாலும் அளவு ஓரளவு தெரியும். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் காற்றில்லாத நேரத்துக்கு. எதிர்க்கப்பலில் கதவைச் சாத்தி ஏசி போட்டிருந்தால்? முழுதாக மூடிய பிரிட்ஜில் வெளிச்சத்தத்தை உள்ளே கொண்டுவர ஒலிவாங்கிக் கருவி கட்டாயம். அதன் வால்யூமைக் குறைத்துவைத்திருந்தால் யார் என்ன செய்ய முடியும்?

அப்படியானால் 22:32-க்கே, 2.3 மைலில் ஊதியிருந்தால் அவனுக்குக் கேட்டிருக்குமா? அநேகமாகக் கேட்டிருக்காது. இதைத்தான் நான் முதலில் சாக்காகச் சொன்னேன். கேப்டன் ஏற்கவில்லை. ஊதியிருந்தால் விளக்கையும் சிமிட்டியிருப்பாய், அது தெரிந்திருக்கும். ஊதியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும், நான் மேலே வந்திருப்பேன். ஊதியிருந்தால் நீயே உன்னை 'நான் சந்தேகத்தில் இருக்கிறேன்' என்று ஒப்புக்கொண்டிருப்பாய், அடுத்த முடிவு தானாக வந்திருக்கும். மூன்றாவதுதான் எனக்குச் சுருக்கென்றது.

லீவில் வந்ததும் மாமாவிடம் இதைச் சொன்னேன். திண்ணையில் மாங்காயை அரிவாள்மனையில் கீறிக்கொண்டிருந்தார்.

"நீ ஊதுனா அவன் கோச்சுக்குவானா மாப்ளே?"

"கோச்சுக்க மாட்டான் மாமா. நமக்குத்தான் கூச்சம்."

"தொப்பூர் எறக்கத்துல முன்னாடி போற வண்டியில லைனர் கருகுற நாத்தம் வந்துச்சுன்னா, நான் அப்பவே ஒதுங்கிடுவேன். பிரேக்கு புடிக்குதா இல்லையான்னு அவன்கிட்ட போயி கேட்டுக்கிட்டா இருப்பேன்?"

தொப்பூர் கணவாய் தெரியாத லாரிக்காரர் தென்னிந்தியாவில் இல்லை. தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் சரிவு. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, அப்புறம் பிரேக் பிடிக்காமல் முன்வண்டியில் போய் முட்டுவது அங்கே பழைய கதை. மாமா முப்பது வருஷமும் கியரிலேயே இறங்கியவர், நாற்றத்தை நம்பியவர்.

ஆனால் அவர் சொன்னதில் ஒரு இடம் கடலுக்குப் பொருந்தாது, அதையும் சொன்னேன். "நான் ஒதுங்கக் கூடாது மாமா. அவன்தான் ஒதுங்கணும். நான் நேராப் போயே ஆகணும், கடைசி வரைக்கும்." அவர் அரிவாள்மனையை நிறுத்திவிட்டு யோசித்தார். "அப்ப உன் கையில என்னதான் இருக்கு?"

சரியான கேள்வி. விலகவேண்டியவன் விலகவில்லை என்று தெளிவாகத் தெரிந்தால் நேராகப் போகும் கப்பலும் நடவடிக்கை எடுக்கலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. அவன் மட்டும் செய்து மோதலைத் தவிர்க்க முடியாது என்ற நிலை வந்தால் எடுத்தே ஆகவேண்டும். ஆனால் 'நேராகப் போ' என்பதற்கும் 'இப்போது திரும்பு' என்பதற்கும் நடுவில் ஒரு நீண்ட வெறுமை இருக்கிறது. அந்த வெறுமையில் கையில் இருக்கும் ஒரே பொருள் அந்த ஐந்து ஊதல்தான். மாமாவிடம் ரோட்டில் அப்படி ஒன்று இல்லை. வத்தல்மலை வளைவில் அடிக்கும் ஹாரன் 'நான் வர்றேன்' என்கிறது. கடலிலும் அதற்குச் சமமானது உண்டு, வளைவை நெருங்கும்போது ஒரு நீள் ஊதல், நாலிலிருந்து ஆறு நொடி. 'உன்னைப் புரியலை' என்பதற்கு ரோட்டில் ஒரு சத்தமும் கிடையாது.

கடலிலும் ஒரு காலத்தில் இல்லை. 1917 டிசம்பர் 6 காலை, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தின் குறுகலான வாயில். வெடிமருந்து நிறைந்த பிரெஞ்சுக் கப்பல் மோன் பிளாங்க் உள்ளே வருகிறது, நார்வேயின் ஈமோ வெளியே போகிறது. ஈமோ தவறான பக்கத்தில் இருக்கிறது. மோன் பிளாங்க் ஒரு ஊதல்: என் பக்கம் என்னுடையது. ஈமோ இரண்டு ஊதல்: நான் மாறமாட்டேன். மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு. இருவரும் தாங்கள் செய்யப்போவதைத்தான் சொல்லிக்கொண்டார்கள். 'நீ செய்வது எனக்குப் புரியவில்லை' என்று சொல்ல அன்றைய சர்வதேச விதியில் ஒலியே இல்லை. கடைசியில் மோன் பிளாங்க் இடப்பக்கம் திரும்பியது, ஈமோ மூன்று ஊதிப் பின்னோக்கி இயக்கியது, காலிக் கப்பலின் மூக்கு வலப்பக்கம் திரும்பி மோதியது. தீப்பிடித்து, காலை 9:04-க்கு வெடித்ததில் ஏறக்குறைய 1,800 பேர் செத்தார்கள். முதல் விசாரணை பிரெஞ்சுக் கப்பலின் தரப்பைக் குற்றம் சொன்னது. வழக்கு லண்டன் வரை போய், 1920-இல் இரண்டு கப்பலுக்கும் சரிபாதித் தவறு என்று முடிந்தது.

ஐந்து ஊதல் விதிக்குள் வந்த பிறகும் அது அரைகுறையாகத்தான் இருந்தது. 1960-ஆம் ஆண்டு விதிகளில், நேராகப் போகவேண்டிய கப்பல் மட்டும் ஊத'லாம்' என்று இருந்தது. 1972-இல்தான் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் ஊத 'வேண்டும்', அதுவும் உடனே, என்று மாற்றினார்கள். ஒரு விகுதி மாற்றம். நான் 22:32-க்கும் 22:36-க்கும் நடுவில் 1960-இல் இருந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விவரமும் சொல்லவேண்டும், ஏனென்றால் இளைஞர்கள் இதில் குழம்புகிறார்கள். இந்த ஊதல் கண்ணால் பார்க்கும் கப்பலுக்கு மட்டும். மூடுபனியில் ரேடாரில் ஒரு புள்ளி நெருங்குகிறது, புரியவில்லை என்று ஐந்து ஊதக்கூடாது. அங்கே வேறு கணக்கு: நகரும் எந்திரக் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒரு நீள் ஊதல்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கீறிய மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவினார். எங்கள் பக்கம் சாவு வீட்டில் சங்கு ஊதுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். "நேரத்துக்கு நீ ஊதலைன்னா உனக்கு ஊதிடுவாங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அத்தை உள்ளேயிருந்து, "புள்ளை கப்பலுக்குப் போறப்ப பேசுற பேச்சா இது" என்று கத்தினார்.

அடுத்த கப்பலில் நான் இரண்டாம் அதிகாரி, நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து நாலு. சேர்ந்து மூன்றாவது வாரம், இடப்பக்கம் ஒரு டேங்கர், இரண்டரை மைல், கோணம் மாறவில்லை. கேப்டனை ஏற்கெனவே கூப்பிட்டிருந்தேன். அவர் படி ஏறிவரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோதே ஐந்து முறை அழுத்தினேன், விளக்கையும் சிமிட்டினேன். அரை நிமிடத்தில் வயர்லெஸில் ஒரு எரிச்சலான குரல் என் கப்பல் பெயரைச் சொல்லி: திரும்பிக்கொண்டுதானே இருக்கிறேன், எதற்கு இவ்வளவு அவசரம்?

பார்த்தேன். உண்மைதான், விளக்குகள் நெருங்கிக்கொண்டிருந்தன. நன்றி சொல்லிவிட்டுப் பதிவேட்டில் எழுதினேன்: 03:14, ஐந்து குறும் ஊதல், எதிர்க்கப்பல் வலப்பக்கம் திரும்பியது, 1.3 மைலில் கடந்தது.